மருந்து மாற்றமும் மக்கள் சம்மதமும்



சாமியைப் பற்றியும் சடங்கைப் பற்றியும் ஏதாவது சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருக்கும் உங்களுக்கு, மலேரியா மருந்தைப் பற்றிப் பேசப்போகின்றோம் என்றவுடன் சற்று ஏமாற்றமாய் இருந்தாலும் இருக்கலாம். இது டாக்டர்கள் பேச வேண்டிய சங்கதியல்லவா, பட்டம் பெறாத உங்களுக்கு இதில் என்ன வேலை என்றுகூடச் சிலர் கேட்கலாம். நாம் மருந்து செய்யவோ ஊசி போடவோ வரவில்லை. ஒரு சர்க்கார் தன் ஜனங்களுக்குப் பழைய மருந்தை நிறுத்திவிட்டுப் புது மருந்து கொடுக்கப் புறப்படுகின்றபோது, அந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டுமா வேண்டாமா, அவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்பதுதான் நம்முடைய கேள்வி. இதைக் கேட்பதற்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. மருந்தைச் சாப்பிடுகிறவனுக்கு இருக்கின்ற பாத்தியதையே போதும்.

ஊர் பேர் இல்லாமல் பொதுவாய்ப் பேசினால் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ஆகையால் ஒரு தேசத்தை எடுத்துக்கொள்ளுவோம். அது கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள டான்சானியா. 2023ம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் மலேரியாவால் செத்தவர்கள் சுமார் 6 லட்சம் பேர். அவர்களில் 100க்கு 95 பேர் ஆப்பிரிக்காக் கண்டத்தார். அவர்களிலும் நாலில் மூன்று பங்கு 5 வயது நிறையாத குழந்தைகள். சாவு அதிகமான நாலைந்து தேசங்களில் டான்சானியாவும் ஒன்று. நல்ல மருந்து உரிய நேரத்தில் உள்ளே போனால் பிழைக்கக்கூடிய குழந்தை, இரண்டு நாள் தாமதித்தால் போய்விடுகின்றது. நாம் பேசுகின்ற விஷயத்தின் கனம் இதுதான்.

அந்தத் தேசத்துத் தாய்மார்களுக்குக் காய்ச்சல் தெரியும், மலேரியா என்ற பேரும் தெரியும். கொசுவால் வருகிறது, மாத்திரை கொடுத்தால் தீரும் என்பதும் தெரியும். ஆனால் அதே காய்ச்சல் முற்றி மூளையைத் தாக்கி, குழந்தைக்கு வலிப்புக் கண்டு, கண் சொருகி, கை கால் இழுக்க ஆரம்பித்தால் அதை மலேரியா என்று எண்ணுவதில்லை. அது "டெகெடெகே" என்கின்ற வேறு வியாதியாகிவிடுகின்றது. இது பறவை என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். ஏதோ ஒரு பறவையோ விட்டில் பூச்சியோ ஆவி ரூபமாய் வந்து குழந்தையின்மேல் நிழல் போட்டுவிட்டது என்பது எண்ணம். உடனே கைவைத்தியரிடம் ஓடுவார்கள். யானைச் சாணத்தைப் புகை போடுவதும், குழந்தையைச் சிறுநீரால் நனைப்பதும், பச்சிலை பிழிவதும் நடக்கும். டெகெடெகே கண்ட குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டால் செத்துப்போகும் என்ற பயமும் உண்டு. பாகமோயோ ஜில்லாவில் 1990களில் ஆராய்ச்சி செய்தவர்கள் இவற்றையெல்லாம் எழுதி வைத்திருக்கின்றார்கள்.

தோழர்களே! இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கின்றீர்கள். நம்முடைய பாட்டிமார்கள் "பட்சி தோஷம்" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மந்திரிக்கப் போனார்களே, அது என்ன? பறக்கின்ற பறவையின் நிழல் பட்டதால் குழந்தைக்கு இழுப்பு வந்தது என்று இங்கேயும்தானே சொன்னார்கள்? ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருக்கும் இரண்டு ஜனங்கள், ஒருவரையொருவர் கேளாமலே ஒரே பறவையைப் பிடித்திருக்கின்றார்கள். ஆகவே சிரிக்கிறதானால் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரிக்க வேண்டியதுதான்.

ஆனால் நாம் சொல்ல வந்தது சிரிப்பதற்காக அல்ல. அந்தத் தாய் ஏன் அப்படி நம்புகிறாள் என்று யோசிக்க வேண்டும். அடுத்த வீட்டுக் குழந்தைக்கு வலிப்பு வந்தது, முதலில் கைவைத்தியம் பார்த்தார்கள், கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள், ஊசி போட்டார்கள், குழந்தை செத்தது. இதை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். ஊசி போட்டதால் செத்தது என்று முடிவு கட்டினாள். காலங்கடந்து கொண்டுபோனதால் செத்தது என்பதை அவளுக்கு எவரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அவள் யோசியாமல் நம்பினாள் என்று சொல்லக்கூடாது. கண்டதை வைத்துத்தான் நம்பினாள், ஆனால் கண்டது பாதி. மீதிப் பாதியைத் தெரிந்தவன் ஆஸ்பத்திரியிலும் ஆபீசிலும் இருந்தான். அவனுடைய யோக்கியதையைத்தான் இப்பொழுது பார்க்கப்போகின்றோம்.

டான்சானியாவில் வெகுகாலமாய் மலேரியாவுக்குக் கொடுத்துவந்தது குளோரோகுயின். இது மகாமலிவு. ஒரு ஆளுக்கு வேண்டியது சுமார் 10 சென்ட்டுக்குள் முடிந்துவிடும். மூலைக்கு மூலை கடையில் கிடைக்கும், சாப்பிட்ட சில மணி நேரத்தில் காய்ச்சலின் சூடும் இறங்கும். கசக்கும், சிலருக்கு உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும். அந்தக் கசப்பையும் அரிப்பையும்கூட மருந்தின் வீரியத்துக்கு அடையாளமாகவே ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். நாளாக ஆகக் கிருமி இந்த மருந்துக்குப் பழகிவிட்டது. 2000 வாக்கில் பரீட்சை செய்து பார்த்ததில் பாதிப்பேருக்குமேல் குணமாகவில்லை. எனவே 2001 ஆகஸ்டில் சர்க்கார் குளோரோகுயினை நிறுத்தி, சல்பாடாக்சினும் பைரிமெத்தமினும் சேர்ந்த "எஸ்.பி." என்ற மாத்திரையைக் கொடுக்க உத்தரவிட்டது. உத்தரவு சரியானதே. அதில் குற்றம் சொல்ல நமக்கு இடமில்லை.

பின்னை எது பிசகிற்று? எஸ்.பி. கிருமியைக் கொல்லும், ஆனால் மெதுவாய்க் கொல்லும். குளோரோகுயினைப் போலக் காய்ச்சலின் சூட்டைத் தணிக்கின்ற குணம் அதற்கு இல்லை. ஒரே வேளையில் மூன்று மாத்திரையை விழுங்கிவிட்டுப் பொழுது விடிந்து பார்த்தால் உடம்பு அப்படியே கொதிக்கிறது. தாய் என்ன நினைப்பாள்? "சர்க்கார் கொடுத்தது பலிக்கவில்லை, பழைய மாத்திரையே மேல்" என்று கடைக்குப் போவாள். அதற்குமேல், இந்த மருந்தில் கந்தகச் சார்பான சரக்கு ஒன்று இருப்பதால், மிக அபூர்வமாய்ச் சிலருக்குத் தோல் வெந்து உரிகின்ற கொடிய விளைவு ஏற்படுவதுண்டு. பத்திரிகைகள் அதை எழுதின. ஊரெல்லாம் பயம் பரவியது. கொடுக்க வேண்டிய நர்சுகளே தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தயங்கினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

இந்த இரண்டு சங்கதியும் ஆபீசிலிருந்தவர்களுக்கு முன்பே தெரிந்தவைதான். சூடு இறங்காது, அதற்குத் தனியாய்க் காய்ச்சல் மாத்திரை கொடு, இரண்டு நாள் பார் என்று சொல்ல என்ன செலவு? தோல் வியாதி வருவது உண்டு, இத்தனை அபூர்வம், இன்ன அடையாளம் கண்டால் உடனே ஓடிவா என்று தாங்களே முந்திச் சொல்லியிருந்தால், பத்திரிகை சொல்லும்போது அது ஒளித்துவைத்த ரகசியம் வெளிவந்ததுபோல் ஆகியிருக்காதல்லவா? சொன்னார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், சொன்னது காகிதத்தில் சொன்னது. ஜில்லாவுக்கு சர்க்குலர் போயிற்று, பெரிய டாக்டருக்குப் பயிற்சி நடந்தது, விளம்பரம் ஒட்டியாயிற்று, ஆகவே ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று கணக்கெழுதிவிட்டார்கள். சாணப்புகை போட்டால் வலிப்புப் போகும் என்பது மூட நம்பிக்கையானால், சர்க்குலர் போட்டால் வியாதி போகும் என்பதற்கு என்ன பெயர் வைப்பது?

நிற்க, எஸ்.பி.யும் வெகுநாள் நிற்கவில்லை. அது இடைக்கால ஏற்பாடு என்பது ஆரம்பத்திலேயே தெரிந்ததுதான். 2006 கடைசியில் மறுபடியும் மாற்றம் வந்தது. இந்தத் தடவை வந்தது ஆர்டிமீத்தர், லுமிபான்ட்ரின் என்ற இரண்டையும் சேர்த்த மருந்து. அந்நாட்டார் தங்கள் பாஷையில் கலப்பு என்று பொருள்படும்படி "ம்செட்டோ" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இதன் வேரைப்பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சீன தேசத்தில் தூ யூயூ என்ற அம்மையார், 1,600 வருஷத்துக்கு முந்திய வைத்தியப் புத்தகம் ஒன்றில் ஒரு செடியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைக் கவனித்து, கொதிக்கவைப்பதால்தான் சத்து கெடுகின்றதோ என்று யோசித்து, குறைந்த சூட்டில் சத்தை இறக்கி, எலிக்கும் குரங்குக்கும் கொடுத்துப் பார்த்து, 1972ல் தாமே சாப்பிட்டுப் பார்த்து, அதன் பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். 2015ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக அவர் நம்பவுமில்லை, பழையது என்பதற்காகத் தள்ளவுமில்லை. நம் ஊரில் ஓலைச்சுவடியைத் தலையில் வைத்துக் கூத்தாடுகிறவர்கள் இதைக் கவனிப்பார்களா?

மருந்து உயர்ந்ததுதான். ஆனால் விலை? 2001ல் உலக சுகாதார ஸ்தாபனம் பேசி முடித்த அடக்க விலையே பெரிய ஆளுக்கு 2 டாலர் 40 சென்ட். தனியார் கடையில் அதற்கும் பலமடங்கு மேல். காலை மாலையாய் மூன்று நாள், பெரிய ஆளானால் 24 மாத்திரை, அதுவும் கொழுப்புள்ள ஆகாரத்தோடு அல்லது பாலோடு சாப்பிட வேண்டும். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். மீதியை என்ன செய்வார்கள்? அடுத்த குழந்தைக்கு ஆகட்டுமென்று முடிந்துவைப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சிசாலை வேண்டுமா? எந்தக் கிராமத்திலாவது நாலு தாய்மார்களைக் கூப்பிட்டுக் கேட்டால் அரைமணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். கசப்பு மாத்திரையைப் பொடித்து ஊட்டினால் குழந்தை துப்பிவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தண்ணீரில் கரைந்து தித்திக்கின்ற குழந்தை மாத்திரை 2009ல்தான் வெளிவந்தது.

கடைக்காரன் சங்கதி இன்னும் முக்கியமானது. ஆஸ்பத்திரி பத்து மைல் தூரம், போனால் பகலெல்லாம் காத்திருக்க வேண்டும், போனபின் மருந்து தீர்ந்துவிட்டது என்பார்கள். கடையோ தெருக்கோடியில். ஆகவே பாதிப்பேருக்கு டாக்டர் அந்தக் கடைக்காரன்தான். அவனைச் சட்டவிரோதி என்று விரட்டுவது ஒரு வழி, அவனையும் மனிதனாக மதித்துச் சொல்லிக்கொடுப்பது இன்னொரு வழி. டான்சானியா சர்க்காரைப் பாராட்ட வேண்டிய இடம் இது. 2003ல் ருவூமா என்ற மாகாணத்தில் சில்லறை மருந்துக்கடைகளுக்குப் பயிற்சி கொடுத்து, பரிசோதித்து, சர்ட்டிபிகேட் கொடுத்து, இன்னின்ன மருந்தை விற்கலாம் என்று அனுமதித்தார்கள். பிறகு அது மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. 2007ல் மாஸ்வா, கோங்வா என்ற இரண்டு ஜில்லாக்களில், உதவிப்பணம் கொடுத்துக் கூட்டுமருந்தைக் குறைந்த விலைக்குக் கடைகளின் வழியாகவே விற்கும்படி செய்துபார்த்தார்கள். அதற்குமுன் அங்கே மலேரியா மருந்து வாங்கினவர்களில் கூட்டுமருந்து வாங்கினவர் 100க்கு 1. ஒரு வருஷத்தில் அது 44 ஆயிற்று. அந்த ஜனங்கள் மூடர்களாயிருந்து ஒரே வருஷத்தில் அறிவாளிகளாகிவிட்டார்களா? கைக்கெட்டாதது கைக்கெட்டியது, அவ்வளவுதான்.

கடைக்காரன் சேராவிட்டால் என்ன ஆகும், சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலுள்ள மலாவி தேசம் ஒரு அத்தாட்சி. ஆப்பிரிக்காவில் முதன்முதல் குளோரோகுயினைக் கைவிட்ட தேசம் அதுதான், 1993ல். அங்கே அந்த மருந்து ஆஸ்பத்திரியிலிருந்து மட்டுமல்லாமல் கடைகளிலிருந்தும் உண்மையாகவே மறைந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, 100க்கு 99 பேருக்கு அதே குளோரோகுயின் பழையபடி பலித்தது. அந்த ஆராய்ச்சி 2006ல் வெளியாயிற்று. மருந்து கண்ணில் படாமற்போகவே, அதை எதிர்த்து நின்ற கிருமியின் வம்சம் தேய்ந்து, சாதாரணக் கிருமி திரும்பிவந்துவிட்டது. உத்தரவு மட்டும் போட்டுக் கடையில் பழைய மருந்து ஓடிக்கொண்டிருந்த இடங்களில் எதிர்ப்புக் கிருமிக்கு அப்படிப்பட்ட கஷ்டம் நேரவில்லை. கிருமி கெஜட்டு வாசிப்பதில்லையல்லவா?

கென்யாவில் 2004 ஏப்ரலில் புது மருந்து என்று அறிவித்தார்கள், ஜனங்கள் கைக்கு அது வந்தது 2006ல். பணம், டெண்டர், கமிட்டி என்று இரண்டு வருஷம் போயிற்று. கானா தேசத்தில் 2004ல் தீர்மானித்து 2005ல் ஆர்டிசுனேட்டும் அமோடியாகுயினும் கொடுக்க ஆரம்பித்தார்கள். உள்நாட்டில் செய்த ஒரு மாத்திரையில் அமோடியாகுயின் அளவு 600 மில்லிகிராம். சாப்பிட்டவர்களில் பலருக்குத் தலைசுற்றல், தள்ளாமை, கழுத்தும் நாக்கும் இழுத்துக்கொள்ளல். பத்திரிகைகளில் ஒரே கூக்குரல், அந்த மாத்திரையைத் திரும்ப எடுத்தார்கள். ஆனால் மாத்திரையைத் திரும்ப எடுத்ததுபோல் அவநம்பிக்கையைத் திரும்ப எடுக்க முடியவில்லை. சரியான அளவுள்ள மருந்தைக் கண்டும் ஜனங்கள் அஞ்சினார்கள். பின்பு வேறு இரண்டு கூட்டுமருந்துகளையும் பட்டியலில் சேர்த்து, ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாற்று வழி வைத்தார்கள். செய்கிறவனையும் விற்கிறவனையும் சாப்பிடுகிறவனையும் ஆரம்பத்தில் ஒன்றாய் உட்காரவைத்திருந்தால் இவ்வளவு சங்கடம் வந்திராது என்பது நமது அபிப்பிராயம்.

இதற்குப் படித்தவர்களில் சிலர் ஒரு ஆட்சேபணை சொல்லுவார்கள். "அப்படியானால் எந்த மருந்து நல்லது என்பதை ஓட்டுப் போட்டா தீர்மானிப்பது? பறவை ஆவி என்கிறவனுக்கும் ஒரு ஓட்டா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். மருந்து கிருமியைக் கொல்லுமா என்பது பரீட்சை செய்து அறிய வேண்டியது. அதில் பத்தாயிரம் பேர் கைதூக்கினாலும் கிருமி சாகாது. ஆனால் அந்த மருந்து மாலையில் குழந்தையின் வயிற்றுக்குள் போகுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தாய்க்கும் கடைக்காரனுக்கும் நர்சுக்கும்தான் தெரியும். கைவைத்தியரைக்கூட நாம் விலக்கச் சொல்லமாட்டோம். வலிப்புக் கண்ட குழந்தை முதலில் அவர் வாசலுக்குத்தானே வருகிறது? "நீர் செய்வதைச் செய்யும், ஆனால் இப்பொழுதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்" என்று அவரைப் பழக்கினால் ஒரு பகல் மிச்சமாகும். ஒரு பகலில் ஒரு உயிர் இருக்கின்றது. அவருடைய ஆவியைப்பற்றி அவரோடு தர்க்கம் செய்ய வேண்டியதுதான், ஆனால் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அல்ல.

மற்றொன்று. பாத்தியப்பட்டவர்கள் என்று ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறவர்கள் எல்லோரும் ஏழைத்தாய்மார்கள் அல்ல. மருந்துக் கம்பெனிக்கு அதன் சரக்கு விற்க வேண்டும். வியாபாரிக்குக் கிடங்கிலுள்ள பழைய சரக்கு தீர வேண்டும். உத்தியோகஸ்தருக்குத் தான் முன்பு கையெழுத்திட்டது தப்பாகக் கூடாது. பணம் கொடுக்கிற பெரிய ஸ்தாபனங்களுக்குச் செலவு குறைய வேண்டும். 2004 ஜனவரியில் "லான்செட்" என்ற வைத்தியப் பத்திரிகையில் மலேரியா நிபுணர்கள் பலர் சேர்ந்து, பலிக்காது என்று தெரிந்த பழைய மருந்துகளை ஆப்பிரிக்க தேசங்கள் வாங்குவதற்கு உலக சுகாதார ஸ்தாபனமும் குளோபல் பண்டும் உடந்தையாய் இருக்கின்றன என்று வெளிப்படையாய்க் குற்றஞ்சாட்டினார்கள். அதற்குப் பிறகு பணமும் கூட்டுமருந்தின் பக்கம் திரும்பியது. ஆகவே எல்லோரையும் கேட்க வேண்டும் என்றால் எல்லோரும் சொன்னபடி ஆட வேண்டும் என்று அர்த்தமல்ல. யார் எந்த லாபத்துக்காகப் பேசுகிறான் என்பதையும் சபையிலேயே சொல்லவைக்க வேண்டும். இல்லாவிட்டால் "ஜனங்களின் அபிப்பிராயம்" என்ற பெயரால் கம்பெனியின் அபிப்பிராயம் நிறைவேறிவிடும். கோயில் தர்மகர்த்தா சபையில் பறையனுக்கும் ஒரு நாற்காலி போட்டோம் என்று சொல்லிக்கொண்டு, சாவியை மட்டும் பழைய ஆசாமியிடமே வைத்திருந்தால் அந்த நாற்காலியால் யாருக்கு என்ன பிரயோசனம்?

இந்தக் கதையெல்லாம் முடிந்துபோன சங்கதியல்ல. கூட்டுமருந்தின் முக்கிய சரக்கான ஆர்டிமிசினினுக்கும் கிருமி மெள்ள மெள்ளப் பழகிவருகின்றது. முதலில் கம்போடியாப் பக்கம் தோன்றியது. இப்பொழுது ருவாண்டா, உகாண்டா, எரித்ரியா, டான்சானியா ஆகிய தேசங்களிலும் தோன்றியிருப்பது உறுதியாகிவிட்டது. இன்னும் மருந்து அடியோடு பலிக்காமற்போகவில்லை. கூட்டிலுள்ள மற்றச் சரக்கு தாங்கிநிற்கின்றது. ஆனாலும் அது எத்தனை நாள் தாங்கும் என்ற கவலையில், ஒரே மருந்தை எல்லோருக்கும் கொடுக்காமல் இரண்டு மூன்று மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பது, இரண்டு சரக்கோடு மூன்றாவது ஒன்றைச் சேர்ப்பது என்றெல்லாம் நிபுணர்கள் யோசித்துவருகின்றார்கள். அதாவது, இதுவரை ஒரு மருந்துக்குப் பதில் இன்னொரு மருந்து என்று சொல்லிப் புரியவைப்பதே கஷ்டமாயிருந்த ஜனங்களுக்கு, இனி "அண்டை வீட்டுக்காரனுக்கு மஞ்சள் பொட்டலம், உனக்குப் பச்சைப் பொட்டலம்" என்று சொல்லவேண்டி வரலாம். ஏன் எனக்கு மட்டும் வேறு என்று அவன் கேட்பான். கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்கு விடையைத் தயார் செய்துகொண்டு மருந்தை அனுப்புவார்களா, மருந்தை அனுப்பிவிட்டுக் கூக்குரல் கிளம்பின பிறகு விடை தேடுவார்களா என்பது டோடோமாவிலும் கிகாலியிலும் இருக்கும் உத்தியோகஸ்தர்கள் இப்பொழுது தீர்மானிக்க வேண்டிய காரியம்.

நமக்குக் கொடுத்த நேரம் ஆகிவிட்டதென்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். உங்களில் யாருக்கேனும் சந்தேகமோ ஆட்சேபணையோ இருந்தால் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் சரி, எழுந்து கேட்டாலும் சரி. தாய்மார்கள் முதலில் கேட்கலாம்.